வேலையோடு விடுமுறை: கார் வாங்கப் போகும் பிள்ளைக்குச் சில வார்த்தைகள்



"மகன் அவுஸ்திரேலியாவுக்குப் போகப் போகிறான். ஒரு வருஷம் வேலையும் செய்வானாம், ஊரும் சுற்றுவானாம். போனதும் முதல் வேலையாகக் கார் வாங்குவானாம். நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுது." இங்கிலாந்தில் குடியிருக்கும் ஒரு தாய், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. அவருக்குச் சொன்ன பதிலை உங்களோடும் பகிர்ந்து கொள்ளலாம் என்று நினைத்தேன். நம் குடும்பங்களின் கிளைகள் இன்று பல நாடுகளிலும் பரந்து கிடக்கின்றன. இந்தக் கேள்வி நாளை உங்கள் வீட்டுத் தொலைபேசியிலும் ஒலிக்கக் கூடும்.

முதலில், இந்த 'வேலையோடு விடுமுறை' என்பது என்ன என்று பார்ப்போம். அவுஸ்திரேலிய அரசு 1975 ஆம் ஆண்டு தொடக்கிய வீசாத் திட்டம் இது. பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் இளைஞர்களுக்காகத் தொடங்கி, பின்னர் பல நாடுகளுக்கும் விரிந்தது. பொதுவாக 18 வயது முதல் 30 வயது வரையிலானோர் விண்ணப்பிக்கலாம். பிரிட்டன், கனடா, பிரான்ஸ் போன்ற சில நாட்டவருக்கு 35 வயது வரை இடமுண்டு. ஒரு வருடம் தங்கி, செலவுக்கு வேலையும் செய்து, நாட்டையும் பார்க்கலாம். தோட்டம், பண்ணை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் நாட்டுப்புறத்தில் 88 நாட்கள் வேலை செய்தால் இரண்டாவது வருடமும் கிடைக்கும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் 2024 ஜூலை 1 முதல் இந்த நிபந்தனை நீக்கப்பட்டிருக்கிறது.

இந்தத் திட்டத்தில் சேர்ந்த நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆனால் பிரிட்டனிலும் கனடாவிலும் பிறந்து வளர்ந்த நம் சகோதர சகோதரிகளின் பிள்ளைகள் அந்நாட்டுக் கடவுச்சீட்டில் போகிறார்கள். இங்கிருந்து மேற்படிப்புக்காக மெல்பேர்னுக்கும் சிட்னிக்கும் போகும் பிள்ளைகளின் வீசா வேறு. என்றாலும் கார் வாங்கும் சட்டம் அவர்களுக்கும் இதேதான்.

கார் ஏன் தேவைப்படுகிறது என்று நீங்கள் கேட்கலாம். சிட்னியிலோ மெல்பேர்னிலோ இருந்தால் தேவையில்லை. ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, மெல்பேர்னில் ட்ராம் இருக்கிறது. ஆனால் வேலை இருப்பது மில்டுராவின் திராட்சைத் தோட்டத்தில், பண்டபேர்க்கின் மரக்கறித் தோட்டத்தில், ஷெப்பர்டனின் பேரிக்காய்த் தோட்டத்தில். விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும். தங்குமிடத்திலிருந்து இருபது, முப்பது கிலோமீற்றர் தூரம். பஸ் கிடையாது. கார் இல்லாதவன் ஆள் பிடிக்கும் ஒப்பந்தக்காரனின் வேனை நம்பி, அவன் கேட்கும் கூலியைக் கொடுத்துப் போய்வர வேண்டும். அதனால்தான் பிள்ளைகள் வந்து இறங்கிய கையோடு கார் தேடுகிறார்கள்.

சொத்து அல்ல, செலவு

நம் நாட்டில் கார் ஒரு சொத்து. வரியும், 2020 மார்ச்சில் விதிக்கப்பட்டு 2025 பெப்ரவரி வரை நீடித்த இறக்குமதித் தடையும் சேர்ந்து, வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்ற அதிசயத்தையும் நாம் கண்டிருக்கிறோம். அங்கு நிலைமை நேர்மாறு. பழைய கார் என்பது தேய்ந்து போகும் ஒரு பொருள். சில ஆயிரம் டொலருக்கு ஓடக்கூடிய கார் கிடைக்கும். ஆனால் வாங்கிய விலையோடு கணக்கு முடிவதில்லை. பெயர் மாற்றும்போது முத்திரை வரி, வருடாந்தப் பதிவுக் கட்டணம், காப்புறுதி, டயர், பெற்றோல் எல்லாம் பின்னால் வரும். கையில் ஐயாயிரம் டொலர் இருந்தால் ஐயாயிரத்துக்குக் கார் வாங்கக் கூடாது. மூவாயிரத்துக்கோ மூவாயிரத்து ஐந்நூறுக்கோ வாங்கி, மீதியை இந்தச் செலவுகளுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

எந்தக் கார் வாங்குவது? நாம் ஜப்பானிலிருந்து வந்த 'ரீகண்டிஷன்' வாகனத்துக்குப் பழகியவர்கள். அங்கு ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவை அந்நாட்டிலேயே புதிதாக விற்கப்பட்டவை. உள்நாட்டில் தயாரான ஃபோர்ட் ஃபல்கன், ஹோல்டன் கொமடோர் என்ற பெரிய கார்களைப் பயணிகள் காலங்காலமாக விரும்பி வாங்கினார்கள். பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகனாக இருந்தால் இரவில் படுத்தும் கொள்ளலாம். ஃபோர்ட் 2016 ஒக்டோபரிலும், டொயோட்டாவும் ஹோல்டனும் 2017 ஒக்டோபரிலும் அங்கு கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டன. இன்று வாங்குபவர் உதிரிப்பாகம் சிற்றூரிலும் கிடைக்கும் காராகப் பார்த்து வாங்குவது புத்தி. அந்த வகையில் டொயோட்டா கெம்ரி, கொரோலா, ஹயேஸ் போன்றவற்றுக்கு நடுக்காட்டு மெக்கானிக்கும் கை வைப்பார்.

இரண்டு டொலர் தேடல்

நம் நாட்டில் லீசிங் போட்ட வாகனமாக இருந்தால் பதிவுப் புத்தகத்திலேயே கடன் கொடுத்த கம்பனியின் பெயர் இருக்கும். புத்தகத்தைப் பார்த்ததும் விளங்கிவிடும். அவுஸ்திரேலியாவில் பதிவுப் பத்திரம் அதைக் காட்டாது. காருக்கு முழுக் கடனும் பாக்கியிருக்க, விற்பவர் பணத்தை வாங்கிக் கொண்டு விமானம் ஏறிவிடலாம். பிறகு கடன் கொடுத்த நிறுவனம் வந்து காரைத் தூக்கிச் செல்லும். "நான் காசு கொடுத்து வாங்கினேன்" என்று அழுதால் பயனில்லை.

இதைத் தடுக்கத்தான் 2012 ஜனவரி 30 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேட்டை அந்நாட்டு அரசு நடத்துகிறது. பி.பி.எஸ்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். காரின் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த இலக்கத்தைக் கொடுத்து, இரண்டு டொலர் கட்டித் தேடினால் மூன்று விடயங்கள் தெரியவரும். காரின் மேல் கடன் பதியப்பட்டிருக்கிறதா, அது திருடப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா, விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி 'உதவாது' என்று கழிக்கப்பட்டதா என்பனவே அவை. காரை வாங்கும் அன்று அல்லது அதற்கு முந்தைய நாள் தேடி, கடன் இல்லை என்ற சான்றிதழைப் பத்திரப்படுத்தி வைத்தால், பிறகு யாராவது உரிமை கோரி வந்தாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஒரு வாரத்துக்கு முன் விற்பவர் எடுத்துக் காட்டும் சான்றிதழை நம்ப வேண்டாம். இலக்கத்தைப் பேப்பரில் இருந்து எழுதாமல், காரிலே பார்த்து நீங்களே எழுதிக் கொள்ளுங்கள். அரசின் தளத்தில்தான் இரண்டு டொலர். அதே போலத் தோற்றம் காட்டி இருபது, முப்பது டொலர் கறக்கும் இடங்களும் உண்டு. கவனம்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம்

அவுஸ்திரேலியா ஒரே நாடு என்றாலும் வாகனப் பதிவு அந்தந்த மாநிலத்தின் கையில் இருக்கிறது. விக்டோரியாவில் பதிவோடு கார் விற்பவர், முப்பது நாட்களுக்குள் எடுத்த 'ரோட்வேர்தி' சான்றிதழைக் கொடுக்க வேண்டும். குவீன்ஸ்லாந்தில் விற்பனைக்கு வைக்கும்போதே பாதுகாப்புச் சான்றிதழைப் பார்வைக்கு வைக்க வேண்டும். மேற்கு அவுஸ்திரேலியாவில் பதிவான காரைக் கைமாற்ற அப்படிப் பரிசோதனை கேட்பதில்லை. அதனால் அந்த மாநில நம்பர் தகடு உள்ள கார்களுக்குப் பயணிகளிடையே கிராக்கி அதிகம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பரிசோதனை கேட்காத கார் என்றால், கடைசியாக யார் எப்போது பரிசோதித்தார் என்பதும் தெரியாத கார் என்றுதான் அர்த்தம்.

சான்றிதழ் இருந்தாலும் மயங்கிவிடக் கூடாது. அது பிறேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், துரு போன்ற பாதுகாப்பு விடயங்களைத்தான் பார்க்கிறது. எஞ்சின் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று அது சொல்லாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். நீங்கள் போகும்போது ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால், 'நாளை காலை வருகிறேன்' என்று சொல்லித் திரும்பி விடுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பால் நிறத்தில் பசை ஒட்டியிருக்கக் கூடாது. புகைக்குழாயில் நீலப் புகை வரக்கூடாது. கடற்கரை ஊரில் ஓடிய காரென்றால் அடிப்பகுதியில் துருவைத் தேடுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் வாகன உரிமையாளர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் என்.ஆர்.எம்.ஏ., விக்டோரியாவில் ஆர்.ஏ.சி.வி. என்று பெயர். அங்கத்தவராகச் சேர்ந்தால், வழியில் கார் நின்றுபோனால் உதவிக்கு வருவார்கள். பெரும் தூரம் ஓடுபவருக்கு இது வீண் செலவல்ல.

'ஓப்பன் பேப்பர்' பழக்கம் வேண்டாம்

வாகனத்தை வாங்கிப் பெயர் மாற்றாமல், விற்றவரின் கையொப்பமிட்ட படிவத்தை மட்டும் வைத்துக் கொண்டு வருடக் கணக்கில் ஓடுவது நம் நாட்டில் நாம் கண்ட பழக்கம். அந்தப் பழக்கத்தை அங்கு கொண்டுபோக வேண்டாம். வாங்கியவர் பெரும்பாலான மாநிலங்களில் 14 நாட்களுக்குள் பெயரை மாற்றிவிட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம். விற்றவரோ 'இந்தக் காரை இன்ன திகதியில் இன்னாருக்கு விற்றுவிட்டேன்' என்று தானாகவே அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

இது ஏன் முக்கியம்? அங்கு வீதிகளில் கெமரா நிறைந்திருக்கிறது. வேகத்துக்குக் கெமரா, சிவப்பு விளக்குக்குக் கெமரா. கையில் தொலைபேசி பிடித்திருப்பதைக் கண்டுபிடிக்கும் கெமராவையும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019 இலேயே கொண்டு வந்துவிட்டது. தண்டப்பணக் கடிதம் சாரதியைத் தேடிப் போவதில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வரும். சுங்கக் கட்டண வீதிகளும் அப்படியே. சிட்னியிலும் மெல்பேர்னிலும் பணம் வாங்கும் சாவடியே கிடையாது. சிட்னி துறைமுகப் பாலம் 2009 ஜனவரியிலிருந்து முற்றாகப் பணமில்லாமல் இயங்குகிறது. கெமரா நம்பரைப் படித்துக் கொள்ளும். நீங்கள் விற்ற காரில் வேறொருவர் பாலத்தைக் கடந்தால், பில் உங்களுக்கு வரும்.

இனி என் சொந்தக் கதை

இவ்வளவையும் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. லெஸ்டரில் வாழும் என் தங்கையின் மகன் 2022 நவம்பரில் இந்த வீசாவில் போனான். அப்போது அவனுக்கு வயது 24. கெட்டிக்காரப் பிள்ளை. மெல்பேர்னில் ஒரு ஃபல்கன் ஸ்டேஷன் வேகனை 3,500 டொலருக்கு வாங்கினான். இரண்டு டொலர் தேடலும் செய்தான், சான்றிதழும் பார்த்தான், பெயரும் மாற்றினான். எல்லாம் சரி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டான்.

விக்டோரியாவில் வருடாந்தப் பதிவுக் கட்டணத்தோடு விபத்துக் காப்புறுதிக் கட்டணமும் சேர்ந்தே வரும். அதைப் பார்த்துவிட்டு 'காப்புறுதி இருக்கிறது' என்று அவன் நினைத்துவிட்டான். அவன் வளர்ந்த இங்கிலாந்தில், கட்டாயக் காப்புறுதி என்றால் மற்றவருக்கு ஏற்படும் காயத்தோடு மற்றவரின் வாகனச் சேதமும் அதில் அடங்கும். அவுஸ்திரேலியாவில் கட்டாயக் காப்புறுதி மனிதருக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும்தான். மற்றவரின் காரை நீங்கள் இடித்தால் அதற்கு ஒரு சதமும் கிடைக்காது. அதற்குத் தனியாக 'மூன்றாந்தரப்புச் சொத்துக் காப்புறுதி' எடுக்க வேண்டும். பழைய காருக்கு அது வருடத்துக்குச் சில நூறு டொலர்.

2023 மார்ச் மாதம், மில்டுராவில் திராட்சை அறுவடை. பத்து மணித்தியாலம் வெயிலில் நின்று வேலை செய்துவிட்டு, கடைத் தரிப்பிடத்தில் காரைப் பின்னுக்கு எடுத்திருக்கிறான். ஒரு புத்தம் புதிய பெரிய வாகனத்தின் கதவும் சக்கரமும் போய்விட்டன. யாருக்கும் காயமில்லை. மூன்று வாரம் கழித்து எதிர்த்தரப்பின் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. 9,400 டொலர் கட்ட வேண்டும்.

அன்றிரவு என்னைத்தான் அழைத்தான். "பெரியும்மா, உம்மாக்குச் சொல்ல வாணாம்" என்று தொடங்கும்போதே எனக்குக் கை நடுங்கியது. முழுக் கதையையும் சொல்லிவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "கூட வேலை செய்யிற பொடியன்மார் சொல்றாங்க, டிக்கட் எடுத்துப் போய்த் தொலை, இங்கிலாந்துக்கு வந்து யார் தேடப் போறாங்க என்று."

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவன் தொலைபேசியை வைத்திருப்பான். "மகன், அந்த வாகனத்தை யார் இடிச்ச?" என்று கேட்டேன். "நான்தான்." "அப்ப யார் கட்டணும்?" கொஞ்ச நேரம் பதிலில்லை. "நான்தான், பெரியும்மா." "சரி, எப்படிக் கட்டுறது என்று பார்ப்போம். ஆனா உம்மாக்கு நீயே சொல்லு. வேற வாயால அவ கேட்கக் கூடாது."

பிறகு விசாரித்ததில் பல விடயங்கள் தெரிய வந்தன. இவை யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன். அப்படிக் கடிதம் வந்தால் கேட்ட தொகையை உடனே ஒப்புக் கொள்ளத் தேவையில்லை. ஒளிந்து கொள்ளவும் தேவையில்லை. திருத்தச் செலவுக்கான மதிப்பீட்டையும் படங்களையும் காட்டும்படி எழுத்தில் கேட்கலாம். அங்குள்ள சமூகச் சட்ட உதவி நிலையங்களில் இலவச ஆலோசனை கிடைக்கும். கடன் ஆலோசகர்களும் இலவசமாக உதவுவார்கள். தவணை முறையில் கட்ட அனுமதி கேட்கலாம். அவன் எழுதிக் கேட்டபின் சில செலவுகள் கழிக்கப்பட்டு 7,800 டொலர் என்று முடிவாயிற்று. வாரம் 200 டொலர் வீதம் 39 வாரங்கள் கட்டினான். தோட்டத்தில் முடித்த 88 நாட்களைக் காட்டி இரண்டாவது வருட வீசாவும் எடுத்தான். கடைசித் தவணையை 2024 ஜனவரியில் கட்டிவிட்டு எனக்கு ரசீதைப் படமெடுத்து அனுப்பினான். பெரிய தடுப்புப் பவளத் திட்டுகளையும், நடுப்பாலைவனத்துச் செம்பாறையையும் பார்ப்பதற்கென்று சேர்த்த பணம்தான் அது. பாறையைப் பார்க்காமலே திரும்பினான். ஆனால் எந்த விமான நிலையத்திலும் தலை குனியாமல் திரும்பினான். தங்கை இன்றும் அந்த ரசீதைத்தான் உறவினருக்குக் காட்டுகிறாள்.

ஆகவே தாய்மாரே, பிள்ளை கார் வாங்கிவிட்டேன் என்று படம் அனுப்பினால், "நிறம் அழகாக இருக்கிறது" என்று சொல்வதற்கு முன், "மற்றவரின் வாகனத்துக்குக் காப்புறுதி எடுத்தாயா?" என்று கேளுங்கள்.

வீதியில் இறங்கினால்

நம்மைப் போலவே அங்கும் இடது பக்கம்தான் ஓட வேண்டும். ஸ்டியரிங் வலது பக்கம். நம்மவருக்கு இது பெரிய வசதி. ஆனால் இந்த வசதியே 'எல்லாம் நம் ஊர் போலத்தான்' என்ற அசட்டுத் துணிவையும் கொடுத்துவிடும். அங்கு ஹோர்ன் அடித்து வழி கேட்பதில்லை. சுற்றுவட்டத்தில் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். பாதசாரிக் கடவையில் ஆள் கால் வைத்தால் நிற்கத்தான் வேண்டும். குடியிருப்புப் பகுதிகளில் வேறு பலகை இல்லாவிட்டால் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். பாடசாலை நேரத்தில் பாடசாலை முன்னால் 40, தெற்கு அவுஸ்திரேலியாவில் 25. ஆசனப்பட்டி எல்லோருக்கும் கட்டாயம். 1970 இல் உலகிலேயே முதன்முதலாக இதைச் சட்டமாக்கியது விக்டோரியா மாநிலம். தோட்டத்துக்குப் போகும்போது ஐந்து பேர் காரில் ஏழு பேரை ஏற்றுவதும், பிக்கப்பின் பின்தட்டில் ஆட்களை உட்கார வைப்பதும் குற்றம். சாரதிக்கு அபராதமும் புள்ளி வெட்டும் உண்டு.

மெல்பேர்னில் ட்ராம் நின்று ஆட்கள் இறங்கும்போது அதைத் தாண்டிப் போகக் கூடாது. அந்நகரின் நடுப்பகுதியில் சில சந்திகளில் வலது பக்கம் திரும்புவதற்கு இடது ஓரத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். கேட்கும்போது சிரிப்பு வரும். பலகையைக் கவனிக்காமல் ட்ராம் பாதையில் மாட்டிக் கொண்டால் சிரிப்பு வராது.

வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தில் எவ்வளவு காலம் ஓட்டலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூ சவுத் வேல்ஸ் 2023 ஜூலை முதல், அங்கு குடியிருக்கும் தற்காலிக வீசாக்காரர் ஆறு மாதத்துக்குள் உள்ளூர் அனுமதிப்பத்திரத்துக்கு மாற வேண்டும் என்று விதித்தது. போகும் மாநிலத்தின் விதியை அந்தந்தப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டறிந்து கொள்ள வேண்டும். அனுமதியில்லாத சாரதிக்குக் காப்புறுதியும் கை கொடுக்காது.

நகரத்தை விட்டு வெளியேறினால்தான் அந்த நாட்டின் உண்மையான உருவம் தெரியும். நம் தீவு வடக்கு நுனியிலிருந்து தெற்கு நுனி வரை சுமார் 430 கிலோமீற்றர். சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு மட்டும் சுமார் 870. அடிலெய்டிலிருந்து பேர்த்துக்குச் சுமார் 2,700. அந்தப் பாதையில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையில் 146.6 கிலோமீற்றருக்கு ஒரு வளைவு கூட இல்லை. நம் மலைநாட்டு வளைவில் சாரதிக்குத் தூக்கம் வராது. அந்த நேர்கோட்டில் வரும். தூக்கம்தான் அங்கு எமன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி நடக்க வேண்டும். விடுமுறைக் காலங்களில் தொண்டர்கள் வீதியோரம் கூடாரம் போட்டு, சாரதிகளுக்கு இலவசமாகத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். வெட்கப்படாமல் நிறுத்திக் குடியுங்கள். அது உங்களுக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

பொழுது சாயும் நேரமும் விடியும் நேரமும் கங்காருக்கள் வீதிக்கு வரும் நேரம். குறுக்கே பாய்ந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது. நேராக வைத்தபடி பிறேக் பிடிக்க வேண்டும். கங்காருவைத் தப்பவைக்கத் திருப்பி, மரத்தில் மோதி உயிர்விட்டவர்கள் உண்டு. முடிந்தவரை அந்த நேரத்தில் ஓடாமலே இருப்பது நல்லது. 'ரோட் ட்ரெயின்' என்ற நீண்ட லொறிகள் 53.5 மீற்றர் வரை இருக்கும். மூன்று, நான்கு பெட்டி தொடுத்திருக்கும். அதை முந்த வேண்டுமானால் முன்னால் ஒரு கிலோமீற்றராவது வெறுமையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பின்னாலேயே போங்கள்.

பாலைவனப் பக்கம் போகிறவர் தண்ணீர் நிறைய ஏற்றிக் கொள்ள வேண்டும். பல இடங்களில் தொலைபேசித் தொடர்பு இல்லை. கார் நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகக் கூடாது. தேடி வருபவர்களின் கண்ணுக்கு மனிதனை விடக் கார்தான் எளிதில் படும். எங்கே போகிறோம், எப்போது சேருவோம் என்பதை யாராவது ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இன்னொன்று. மேற்கு அவுஸ்திரேலிய எல்லையிலும் தெற்கு அவுஸ்திரேலியாவின் சோதனைச் சாவடிகளிலும் பழங்களைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பழ ஈ பரவாமல் காப்பதற்காக அந்த ஏற்பாடு. வழிக்கு வாங்கிய பழத்தை எல்லைக்கு முன்னே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

விற்கும் நேரம்

நாடு திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது விற்கப் போனவன் நஷ்டப்படுவான். டிக்கட் திகதி தெரிந்தால் வாங்குபவர் விலையை இறக்கிக் கொண்டே போவார். ஒரு மாதத்துக்கு முன்பே விளம்பரம் போட வேண்டும். கார் எந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறதோ அந்த மாநிலத்தில் விற்பது சுலபம். வேறு மாநிலத்தில் விற்றால் வாங்குபவருக்குப் புதிதாகப் பரிசோதனை, புதிய தகடு என்று அலைச்சல். அதையும் விலையில் கழிப்பார்.

விற்கும்போது காரின் குறையை மறைக்காமல் சொல்லி விடுங்கள். 'கியர் சில நேரம் இறுகும்', 'மழைக்குப் பின்கதவால் கொஞ்சம் நீர் கசியும்' என்று எழுதியே கொடுங்கள். உங்களிடம் வாங்கப் போவதும் அநேகமாக உங்களைப் போலவே வந்து இறங்கிய ஒரு பிள்ளைதான். அவனுக்கும் ஒரு தாய் எங்கோ ஒரு தொலைபேசியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

முன்னே சொன்ன அந்தத் தாய்க்கு, இவற்றையெல்லாம் ஒரு தாளில் ஐந்து வரியாக எழுதிக் கொடுத்தேன். வாங்கும் அன்று இரண்டு டொலர் தேடல். மற்றவரின் வாகனத்துக்குக் காப்புறுதி. 14 நாளுக்குள் பெயர் மாற்றம். பொழுது சாய்ந்தபின் நெடுஞ்சாலை வேண்டாம். தவறு நடந்தால் ஒளிக்காமல் வீட்டுக்குச் சொல்லு. மகன் அந்தத் தாளைப் பணப்பையில் மடித்து வைத்துக் கொண்டானாம். ஐந்தாவது வரியைத்தான் இரண்டு முறை வாசித்தானாம்.

உங்கள் பிள்ளைகளுக்கும் வெட்டி எடுத்து அனுப்பி வையுங்கள். அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.